விதைநெல்லும் செயலாக்கச் சாவியும்

விலை கொடுத்து உரிமம் பெறாத மென்பொருளை, உரிமம் பெற்றதுபோலவே இயங்கச் செய்யும் சிறு நிரல்கள் கணினிக் கடைப் பேச்சில் 'கிராக்' என்றும் 'ஆக்டிவேட்டர்' என்றும் வழங்குகின்றன. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் போன்ற ஊர்களில் கல்யாணப் பத்திரிகை அச்சுக்கோக்கும் டி.டி.பி. மையம், திருமண ஆல்பம் தயாரிக்கும் ஸ்டுடியோ, கணக்கு எழுதும் அரிசி ஆலை, உரக்கடை என்று கணினி நுழைந்த இடங்களில் இவையும் நுழைந்திருப்பது அத்தொழில்களில் இருப்போர் அறியாத செய்தி அல்ல. இதைத் திருட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோரும் உண்டு. கோடி கோடியாய்ச் சம்பாதிக்கும் அயல்நாட்டு நிறுவனத்துக்கு இதனால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று ஒரே கேள்வியில் தள்ளிவிடுவோரும் உண்டு. இரு தரப்பாருமே அவசரப்படுகிறார்கள். களத்திலிருந்து நெல்மூட்டையைத் தூக்கிச் சென்றால் உடையவனுக்கு மூட்டை இல்லாமற்போகிறது. மென்பொருளில் அப்படி எதுவும் உடையவனை விட்டு அகல்வதில்லை என்பதால், திருட்டு என்ற சொல் முழுதாகப் பொருந்தவில்லை. அந்த ஒரு காரணத்தாலேயே அது குற்றமற்றதாகிவிடுமா என்பதுதான் எடைபோட வேண்டிய வினா.

செயலாக்கம் என்பது, கணினியில் நிறுவப்பட்ட மென்பொருளுக்குச் செல்லுபடியான உரிமம் இருக்கிறதா என்று உற்பத்தியாளரின் வழங்கிக் கணினி விசாரித்து உறுதிசெய்துகொள்ளும் முறை. விண்டோஸ் போன்றவற்றின் உரிமம் ஒரே வகையில் விற்கப்படுவதில்லை: புதிய மடிக்கணினியோடு வருவது அந்த எந்திரத்தோடு மட்டும் கட்டுண்டது, தனியாக வாங்குவதைப் பழைய எந்திரத்திலிருந்து நீக்கிப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம், பல்கலைக்கழகம், வங்கி போன்ற பெரிய அமைப்புகளுக்கு மொத்த உரிமம் உண்டு. மொத்த உரிமத்துக்காக மைக்ரோசாஃப்ட் வகுத்த முறைகளுள் ஒன்றான கே.எம்.எஸ். என்பதில், அமைப்பின் வளாகத்துக்குள்ளேயே ஒரு வழங்கி இருக்கும். குறைந்தது 25 விண்டோஸ் கணினிகள் அதை நாடினால்தான் அது செயலாக்கம் தரும். தந்த செயலாக்கம் 180 நாள் செல்லும். ஒவ்வொரு கணினியும் 7 நாளுக்கு ஒருமுறை அதனிடம் கேட்டுக் கெடுவைப் புதுப்பித்துக்கொள்ள முயலும். புழக்கத்திலுள்ள ஆக்டிவேட்டர்களில் ஒரு வகை, அப்படியொரு வளாக வழங்கி இருப்பதான பாவனையை ஒற்றைக் கணினிக்குள்ளேயே உண்டாக்கிவிடுகிறது. கடைத்தெருவில் ஓரறையில் இருக்கும் டி.டி.பி. மையத்தின் கணினி, தான் ஏதோ பெரிய நிறுவனத்தின் அங்கம் என்று நம்பிக்கொண்டு வேலை செய்கிறது. விண்டோஸை நிறுவுவதற்கான கோப்பை மைக்ரோசாஃப்டே எவரும் இறக்கிக்கொள்ளும்படி தன் தளத்தில் வைத்திருப்பதால், கோப்பு கைமாறுவதைவிட, இல்லாத உரிமம் இருப்பதாகச் சொல்லும் பொய்ச் சாட்சியே இச்செயலின் நடுப்பகுதி என்று கொள்ள வேண்டும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், 1984-இல் வந்த திருத்தத்துக்குப் பின், கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் சேர்த்துக் காக்கிறது. 1994-இல் சேர்ந்த 63-பி பிரிவு, மீறல் பிரதி என்று அறிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் அந்தப் பயன்பாடு ஆதாயத்துக்காகவோ வணிகத்துக்காகவோ இல்லையென்றால், காரணம் காட்டிச் சிறைத்தண்டனையை விட்டுவிட்டு அபராதத்தோடு நிறுத்திக்கொள்ள நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. வீட்டில் பழகும் மாணவரையும் கடை நடத்துபவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்ற அறவுணர்வு சட்டத்திலேயே பதிந்திருப்பது கவனிக்கத்தக்கது. 2012 திருத்தம் சேர்த்த 65-ஏ பிரிவு, உரிமையைக் காக்க இட்ட தொழில்நுட்பத் தடையைத் தாண்டுவதற்கு 2 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அந்த உரிமைகளை மீறும் எண்ணத்தோடு தாண்டினால்தான் அது குற்றம் என்றும் சொல்கிறது. மென்பொருளை வாங்குபவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் அனுமதி மட்டுமே, பதிப்புரிமையின் எந்தப் பகுதியும் அவர் கைக்கு மாறுவதில்லை என்பதை, வரி தொடர்பான வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில் தெளிவாக்கியது. இவ்வளவும் ஏட்டில் இருந்தும் கடைத்தெருவில் யாரும் இதற்கு அஞ்சுவதாகத் தெரியவில்லை. அச்சம் வேலை செய்யாத இடத்தில் எஞ்சி நிற்பது அறம் பற்றிய கேள்வி மட்டுமே.

ஆக்டிவேட்டர் அறப்பிழை என்பதற்குக் காவிரிப் படுகையிலிருந்து எழக்கூடிய மறுப்பு மற்ற இடங்களில் எழுவதைவிட வலுவானது. ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஆடுதுறை 36, 43, 45 போன்ற ரகங்களை ஒருமுறை வாங்கிய உழவர், அறுவடையில் கொஞ்சத்தை விதைக்கென்று எடுத்துவைத்து அடுத்த போகத்துக்கு விதைப்பார். அண்டை வயல்காரருக்குக் கொடுப்பார். அவர் தம் சம்பந்தியின் ஊருக்குக் கொடுப்பார். பல்லாண்டு உழைப்பின் விளைவான அந்த அறிவு இப்படிப் படியெடுக்கப்படுவதை யாரும் குற்றம் என்றதில்லை. காசு கொடுத்து வாங்கித் தன் வீட்டுக்குள் வந்த பொருள் பெருகும் இயல்புடையது என்றால், பெருக்கிக்கொள்வதும் பகிர்வதும் உடைமையின் பகுதி என்பது இம்மண்ணின் நெடுநாளைய எண்ணம். 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டமும் இதை ஏற்கிறது: பதிவுசெய்து காக்கப்பட்ட ரகமாக இருந்தாலும், அதன் விதையைச் சேமிக்கவும் மீண்டும் விதைக்கவும் பரிமாறவும் விற்கவும் உழவருக்கு உரிமை உண்டு, வணிகப் பெயர் பொறித்த விதையாக விற்பது மட்டுமே கூடாது. குஜராத்தில் தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதற்காக உழவர்கள் மீது வழக்குத் தொடுத்து அவர்களில் சிலரிடம் ஆளுக்கு 1 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்ட பெப்சிகோ நிறுவனம், நாடெங்கும் கண்டனம் எழுந்தபின் 2019 மே மாதத்தில் வழக்குகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. விதைக்கு ஒரு நீதி, மென்பொருளுக்கு ஒரு நீதியா என்று கேட்பவரை வெறும் சட்டப்பிரிவு காட்டி வாயடைக்க முடியாது.

ஆனால் படுகையின் விதைப் பகிர்வை உற்றுப் பார்த்தால் அது நிபந்தனையற்ற பகிர்வாக இருந்ததில்லை என்பது தெரியவரும். இதற்கு மிகத் தெளிவான சான்று, மரபு நெல் ரகங்களைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்திய முறை. திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் 2006 முதல் ஆண்டுதோறும் நடந்த நெல் திருவிழாவில், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் போன்ற ரகங்களின் விதை உழவருக்கு 2 கிலோ வீதம் விலையில்லாமல் தரப்பட்டது. பெற்றவர் அதைப் பயிரிட்டு அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். கையெழுத்தும் நீதிமன்றமும் இல்லாத அந்த நிபந்தனைதான் ரகங்களைப் பரவச் செய்தது. 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது அவர் மீட்ட ரகங்கள் 170-க்கு மேல். விதையை வாங்கிக்கொண்டு திருப்பித் தராமல் விட்ட ஒருவர், எங்கள் மண்ணில் விதை எல்லார்க்கும் பொது என்று வாதிட்டால், அந்த மண்ணே அதை ஏற்காது. கொடுப்பவர் சொன்ன நிபந்தனையை ஏற்றதுபோல் காட்டிப் பெற்றுக்கொண்டு அதை நிறைவேற்றாமலிருப்பதே அங்கும் தவறு, ஆக்டிவேட்டரிலும் தவறு.

விதையின் வழக்கத்தை மென்பொருளில் தேடுவோருக்கு அது வேறொரு இடத்தில் கிடைக்கிறது. அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனூ திட்டமும், 1989-இல் அதற்கென எழுதப்பட்ட பொது உரிமமும், நிரலை யாரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், மாற்றலாம், பகிரலாம் என்கின்றன. மாற்றிப் பகிர்பவர் அதே உரிமையைப் பெறுபவருக்கும் தந்தாக வேண்டும் என்ற ஒரு கட்டுப்பாட்டை மட்டும் விதிக்கின்றன. இரண்டு கிலோவுக்கு நான்கு கிலோ என்பதன் நெருங்கிய உறவு இது. இந்த உரிமமும் பதிப்புரிமைச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது என்பதை மறக்கலாகாது. உரிமங்களையெல்லாம் மதிக்கத் தேவையில்லை என்று பழகிய சமூகத்தில் பகிர்வைக் காக்கும் உரிமமும் சேர்ந்தே வலுவிழக்கிறது.

கள்ளப் பிரதியால் யாருக்கு நட்டம் என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை, விற்பனை இழந்த பெருநிறுவனம் என்பது. இந்த விடை பலவீனமானது. மாதம் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் பார்க்கும் டி.டி.பி. மையம் ஆக்டிவேட்டர் இல்லாமற்போனால் முழு விலை கொடுத்து உரிமம் வாங்கியிருக்கும் என்று எண்ண இடமில்லை. 1998-இல் சீனாவைப் பற்றிப் பேசிய பில் கேட்ஸ், எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் தம் நிறுவனத்தின் பொருளையே திருடட்டும், பழகிப்போனபின் பணம் வாங்கும் வழியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற பொருளில் சொன்னது பலரும் அறிந்தது. கள்ளப் பிரதியில் பெருநிறுவனத்துக்கு ஓர் ஆதாயமும் இருப்பதை இது காட்டிவிடுகிறது. உண்மையில் இழப்பவை இரண்டு. ஒன்று, விலையில்லாமல் நேர்மையாகக் கிடைக்கும் மென்பொருள். தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் 2006-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அரசுக் கணினிகளில் விலையில்லா இயங்குதளமான லினக்ஸைப் பரப்ப முயன்றது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்ககால எந்திரங்களில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. கடைத்தெருவில் எல்லா வசதிகளோடும் கூடிய விண்டோஸ் சில நூறு ரூபாய்க் கூலிக்கு ஏற்றித் தரப்படுகையில், விலையின்மை என்ற லினக்ஸின் பெரிய பலம் பொருளற்றுப்போனது. பணம் கட்ட வேண்டிய நிலை வந்திருந்தால் லிப்ரே ஆபிஸ், கிம்ப் போன்ற விலையில்லா மென்பொருள்களைக் கற்றிருக்கக்கூடிய ஒரு தலைமுறை, கற்கத் தேவையில்லாமற்போனது.

மற்றொன்று, சிறிய தமிழ் மென்பொருள் தொழில். தமிழ் எழுத்துருத் தொகுப்புகளைப் பாடுபட்டு உருவாக்கி விற்றவர்கள் பெருநிறுவனத்தார் அல்லர். ஓர் எழுத்துருவில் உயிர்மெய்க் கொம்புகளின் வளைவைச் சீராக்கி, நெருக்கி அடித்தாலும் 'ணை'யும் 'னை'யும் மயங்காமல் படிக்கும்படி செய்ய எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை அச்சுத் தொழிலார் அறிவார்கள். அந்த எழுத்துருக்களும் அதே குறுந்தகட்டில், அதே பென் டிரைவில், அயல்நாட்டு நிரல்களோடு சேர்ந்தே கைமாறின. பணக்கார நிறுவனம்தானே என்ற சமாதானம், பணக்காரர் அல்லாதவரின் பொருளுக்கும் கேள்வியின்றி நீட்டிக்கப்பட்டது. சிலர் தம் ஆக்கங்களை விலையின்றியே வழங்கினார்கள்; தமிழ்த் தட்டச்சு நிரல்களான இ-கலப்பையும் என்.எச்.எம். ரைட்டரும் அப்படி வந்தவை. 2005-இல் நடுவண் அரசும் தமிழ் எழுத்துருக்களைக் குறுந்தகட்டில் இலவசமாகத் தந்தது. அது அவர்களின் கொடை. கொடுக்க விரும்பாதவரிடமிருந்து அதையே எடுத்துக்கொள்வதற்கு அந்தக் கொடை சான்றாகாது.

இவ்விரண்டையும்விட அருகில் நிற்கும் ஒரு தீங்கு பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஆக்டிவேட்டரை இயக்குமுன் வைரஸ் தடுப்பை நிறுத்திவைக்கும்படி அதனோடு வரும் குறிப்பு சொல்வது வழக்கம். வீட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டு முகமறியாதவரை உள்ளே அழைப்பதில் என்ன நேரும் என்பதற்குச் சான்று உண்டு: 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், பெயர்பெற்ற ஓர் ஆக்டிவேட்டரின் போலி வடிவங்கள் வழியாக, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைக் களவாடும் கிரிப்ட்பாட் என்ற தீநிரல் பரப்பப்படுவதை வெளிப்படுத்தியது. தன் கணினிக்குத் தானே ஆபத்தைத் தேடிக்கொள்பவர் அவர் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் படுகையின் சிற்றூர்களில் ஒரு கணினி மையத்தின் கணினி அதன் உடைமையாளருடையது மட்டும் அன்று. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் விற்கப் பதிவுசெய்வதற்கும், சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும் நவம்பரிலும், சிட்டாவும் அடங்கலும் ஆதாரும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் அந்தக் கணினியில்தான் ஸ்கேன் ஆகின்றன. வேலை முடிந்தபின்னும் அவை அங்கேயே ஒரு கோப்புறையில் கிடக்கின்றன. வரிசையில் நிற்கும் உழவருக்கு, அந்த எந்திரத்தில் எந்த நிரல் எப்படிச் செயலாக்கப்பட்டது என்று தெரியாது, கேட்கத் தோன்றாது, கேட்டாலும் விளங்கப்போவதில்லை. மிச்சம் ஒருவருக்கும் ஆபத்து வேறொருவருக்கும் ஆகும் இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்த எந்த வறுமையும் போதாது. பிறர் ஆவணங்களைக் கையாளும் கணினிக்கு ஆக்டிவேட்டர் கூடவே கூடாது என்பதில் இக்கட்டுரைக்கு இரண்டாம் கருத்து இல்லை.

குற்றத்தின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடும். எல்லாரினும் மேல் நிற்பவர், உதிரிபாகங்களைக் கோத்துக் கணினி விற்கையில், பில்லில் பலகைக்கும் திரைக்கும் மட்டும் விலை எழுதி, விண்டோஸை வாய்மொழியாக இனாம் என்று சேர்த்துத் தரும் கடைக்காரர். வாங்குபவரை அறியாமையில் வைத்தே மீறலுக்குள் தள்ளுவதால் அவர் செய்வது இரட்டைத் தவறு. இப்படி நிலைவட்டில் ஏற்றி விற்பதை 2005-இலேயே தில்லி உயர் நீதிமன்றம் மைக்ரோசாஃப்ட் தொடுத்த வழக்கில் கண்டித்து இழப்பீடு விதித்தது. அடுத்தவர், அறிந்தே அதை வைத்துச் சம்பாதிப்பவர். கற்பதற்காக மட்டும் பயன்படுத்தும் மாணவர் கடைசியில் வருகிறார். அவர் சொல்லும் 'வேறு வழியில்லை' என்பதும் பல நேரம் உண்மையாக இருப்பதில்லை. பெங்களூரு நிறுவனத்தின் டேலி கணக்கு மென்பொருளை உரிமம் இல்லாமலே கற்றல் முறையில் திறக்கலாம். மாதத்தின் 1, 2 தேதிகளிலும் கடைசி நாளிலும் மட்டும் பற்று வரவு பதியவிடும். கற்பவருக்கு அந்த மூன்று நாள் போதும். அரிசி ஆலைக்குப் போதாது. கற்போர் யார், தொழில் செய்வோர் யார் என்பதை இவ்வளவு எளிய ஒரு தடையால் பிரித்துவிட்ட நிறுவனம், தன் வாடிக்கையாளரைக் குற்றவாளியாக்காமலே விற்கவும் தெரிந்ததாக இருக்கிறது. மற்றவையும் இதைக் கற்கலாம்.

உரிமையாளர் தரப்பு முற்றிலும் தூயது என்று சொல்வதற்கில்லை. செயலாக்கம் உற்பத்தியாளரின் வழங்கியைச் சார்ந்திருப்பதால், அந்த வழங்கி நின்றால் காசு கொடுத்து வாங்கியவரும் உரிமமற்றவர் நிலைக்கு வந்துவிடுகிறார். அடோபி நிறுவனம் தன் வடிவமைப்பு மென்பொருள்களின் சி.எஸ். 2 தொகுப்பின் செயலாக்க வழங்கியை 2012 இறுதியில் நிறுத்தியபோது இது நேர்ந்தது. அந்நிறுவனம் செயலாக்கம் தேவைப்படாத பதிப்பையும் வரிசை எண்களையும் பொதுப்பக்கத்தில் வைத்து வாங்கியவர்களைக் காத்தது. உலகெங்கும் பலர் அதை இலவச வெளியீடு என்று எண்ணி இறக்கிக்கொள்ள, முன்பே உரிமம் உள்ளவர்களுக்கு மட்டுமே அது என்று நிறுவனம் விளக்க வேண்டியிருந்தது. கையில் வந்ததற்கும் உரியதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய நிகழ்ச்சி குறைவு. எல்லா நிறுவனங்களும் அப்படிக் கதவைத் திறந்துவிட்டுப் போகும் என்பதற்கு உறுதி இல்லை. திறக்காத நிலையில், உரிமத்துக்குப் பணம் கட்டியவர் தம் பொருளைத் தாமே இயக்கிக்கொள்ளத் தடையைத் தாண்டினால், மீறும் எண்ணம் இல்லாததால் 65-ஏ பிரிவு அவரைத் தீண்டாது என்று வாதிட வலுவான இடமுண்டு. அறமும் அவர் பக்கமே. ஆக்டிவேட்டர் என்ற கருவியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்பதற்கு இவரே எடுத்துக்காட்டு.

இதனினும் சிக்கலானது பேஜ்மேக்கர். தமிழ் அச்சகங்களில் இருபதாண்டுக்கு மேல் கோலோச்சிய அந்தப் பக்கவடிவமைப்பு நிரலின் வளர்ச்சி 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோனது. அது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையாகிய ஒருங்குறியை அறியாது. பழைய தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து ஏமாற்றி வேலை வாங்கியவை என்பதால், அதில் அமைத்த கோப்பை அதே நிரலும் அதே எழுத்துருவும் இல்லாமல் திறந்தால், கோவில் குடமுழுக்கு மலரும் உள்ளூர்ப் புலவரின் நூலும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் திரையில் நிற்கும். தம் உழைப்பில் உருவான கோப்பைத் திறப்பதற்காகவே, இன்று நேர்வழியில் வாங்கக் கிடைக்காத ஒரு நிரலின் கள்ளப் பிரதியை வைத்திருக்கும் அச்சகத்தாரால் யாருக்கும் விற்பனை இழப்பு இல்லை, எந்த இலவச நிரலும் வாய்ப்பிழப்பதில்லை. இணையத்தோடு இணைக்காத கணினியில் வைத்திருந்தால் பிறர் ஆவணங்களுக்கும் ஆபத்தில்லை. மேலே சொன்ன தீங்குகளில் ஒன்றும் இங்கே பொருந்தாததால், பழையதைத் திறந்து ஒருங்குறிக்கு மாற்றும் அளவுக்கு அவர் செய்வதை மன்னிக்கலாம். அதிலேயே புதிய வேலை ஏற்றுக் காசு பார்ப்பதற்கு அந்த மன்னிப்பு நீளாது. சட்டம் இவ்வளவு நெகிழவில்லை. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை நீளும் பதிப்புரிமை, கைவிடப்பட்ட நிரலுக்கும் அப்படியே பொருந்துகிறது. மக்களுக்குக் கிடைக்காமல் தடுத்துவைக்கப்பட்ட படைப்புக்குக் கட்டாய உரிமம் கோரும் வழியை 31-ஆம் பிரிவு வைத்திருந்தாலும், உரிமையாளர் மறுபதிப்பை மறுத்தார் என்று நிறுவி, வழக்கறிஞர் வைத்து வாதாட வேண்டிய அந்த வழி, நூல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தமிழ்ப் பல்கலைக்கழகம் போன்ற ஓர் அமைப்பு மாவட்டத்து அச்சகங்களின் பழைய கோப்புகளைப் பெற்று, முறையான உரிமத்தோடு ஒரே இடத்தில் மாற்றித் தர முன்வந்தால், அச்சகத்தார் எவரும் கள்ளப் பிரதியைப் பேணவேண்டிய தேவை இராது. அப்படியொரு பணிக்குப் பேஜ்மேக்கரின் சில பழைய உரிமங்களும், எழுத்துரு ஆக்கியவர்களின் இசைவும், மாற்றியதைப் பிழை பார்க்கத் தமிழறிந்த சிலரும் வேண்டும்.